வரையத் தெரியாத மாப்பிள்ளை

உங்களிடம் பளிச்சென்று ஒரு முகப் போட்டோ இருக்கிறதா? அப்பா, அம்மா, பாட்டி, பக்கத்து வீட்டுக் குழந்தை, யாருடையதானாலும் சரி. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஃபோட்டோஷாப்பில் திறந்துகொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்க மனசில்லையா? இலவசமாகவே கிடைக்கும் 'கிம்ப்' போதும்.

மொத்தம் ஐந்தே காரியங்கள். ஒன்று, கலரை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். இரண்டு, அந்தப் படத்தின் மேலேயே அதன் பிரதி ஒன்றை வையுங்கள். மூன்று, மேலே இருக்கும் பிரதியை நெகடிவாக மாற்றுங்கள் (மெனுவில் 'இன்வர்ட்' என்று இருக்கும்). நான்கு, அந்த நெகடிவ் கீழே உள்ள படத்தோடு எப்படிக் கலக்க வேண்டும் என்று கேட்கிற இடத்தில் 'கலர் டாட்ஜ்' என்று சொல்லுங்கள். உடனே திரை மொத்தமும் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும்! 'ஐயையோ, போச்சே!' என்று பதற வேண்டாம். ஐந்தாவதாக, மேலே இருக்கும் நெகடிவை மட்டும் 'காஸியன் ப்ளர்' போட்டுக் கொஞ்சம் கலங்கலாக்குங்கள்.

அவ்வளவுதான். வெள்ளைக்குள்ளிருந்து முதலில் கண் இமை, அப்புறம் மூக்கின் ஓரம், உதடு, காதோர முடி... என்று ஒவ்வொன்றாகப் பென்சில் கோடுகள் எழுந்து வரும். யாரோ ஒருத்தர் ஹெச்.பி. பென்சிலை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்து வரைந்த மாதிரி இருக்கும். ஆனது இரண்டே நிமிஷம்!

செய்துவிட்டீர்களா? சரி. இப்போது கொஞ்சம் பின்னால் போகலாம். நெகடிவ், டாட்ஜ், காஸியன்... நீங்கள் தட்டிய இந்த ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு கதை உட்கார்ந்திருக்கிறது. முதல் கதை ஒரு தேனிலவில் ஆரம்பிக்கிறது.

* * *

1833 அக்டோபர். இத்தாலியின் கோமோ ஏரிக்கரை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் நீலத் தண்ணீர். இங்கிலாந்திலிருந்து ஒரு தம்பதி வந்து இறங்கியிருக்கிறார்கள். முந்தைய வருஷம் டிசம்பரில்தான் கல்யாணம். மாப்பிள்ளையின் பெயர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். வயது 33. பார்லிமென்ட் உறுப்பினர். கணக்கு, ஒளியியல், தாவரவியல் எல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. வராத விஷயம் ஒன்றே ஒன்றுதான். படம் வரைவது!

இன்றைக்கு என்றால் செல்போனை நீட்டி நாலு கிளிக் அடித்துவிட்டுப் போய்விடலாம். அன்றைக்குக் காமிரா ஏது? பார்த்த ஊரை வீட்டுக்கு எடுத்துப் போக ஒரே வழி, நோட்டும் பென்சிலும்தான். மனைவி கான்ஸ்டன்ஸ் அழகாக வரைவார். மாப்பிள்ளைக்கு முடியவில்லை.

இத்தனைக்கும் அவர் கையில் ஒரு கருவி இருந்தது. வில்லியம் ஹைட் வொல்லஸ்டன் என்கிற ஆங்கிலேய விஞ்ஞானி 1806-ல் பேடன்ட் வாங்கிய 'காமிரா லூசிடா'. பெயரில்தான் காமிரா, உண்மையில் ஒரு ஸ்டாண்டில் மாட்டிய சின்ன பிரிஸம். அதன் வழியே குனிந்து பார்த்தால், எதிரே இருக்கிற காட்சி காகிதத்தின் மேல் விழுந்து கிடப்பதுபோல் தெரியும். அதன் மேலேயே பென்சிலை ஓட்ட வேண்டியதுதான். சின்னப் பிள்ளைகூட வரைந்துவிடலாம் என்று தோன்றும். டால்பட் ஓட்டினார். பிரிஸத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தால், அழகான ஏரியைக் காணோம். காகிதத்தில் பரிதாபமாகச் சில கோடுகள்தான் கிடந்தன.

மற்றவர்கள் என்றால் நோட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். இவர் யோசித்தார். காட்சிதான் காகிதத்தில் வந்து விழுகிறதே, அது தானாகவே அங்கே பதிந்துவிட்டால் எப்படியிருக்கும்? நடுவில் இந்தக் கை எதற்கு?

ஊருக்குத் திரும்பியதும் உப்பிலும் வெள்ளி நைட்ரேட்டிலும் காகிதத்தை ஊறப்போட்டுப் பரிசோதனைகளை ஆரம்பித்துவிட்டார். 1835 ஆகஸ்டில், லேகாக் அபி என்கிற தன் பெரிய வீட்டின் ஜன்னல் ஒன்றைப் பிடித்தார். ஸ்டாம்பு மாதிரி குட்டியூண்டு படம். ஆனால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஜன்னலில் இருந்த சுமார் 200 கண்ணாடிச் சில்லுகளையும் எண்ண முடிந்தது என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரே ஒரு வேடிக்கை, எல்லாம் தலைகீழ்! வெளிச்சம் கறுப்பாக, இருட்டு வெள்ளையாக. இதற்கு 'நெகடிவ்' என்று பெயர் வைத்தவர் அவருடைய நண்பர், வானியல் மேதை ஜான் ஹெர்ஷல்.

நீங்கள் மூன்றாவது படியில் தட்டிய 'இன்வர்ட்' இதுதான்.

1839-ல் பிரான்ஸின் டாகேர் தன் முறையை அறிவித்து முந்திக்கொண்டார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில், கண்ணைப் பறிக்கும் துல்லியம். ஆனால் ஒரு தகட்டுக்கு ஒரே படம்தான். டால்பட்டின் நெகடிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம். இருபதாம் நூற்றாண்டு முழுக்க ஸ்டூடியோக்காரர்கள் பிழைத்தது அந்த வழியில்தான்.

டால்பட் தன் படங்களுக்கு வைத்த பெயர், 'ஒளி வரைந்த சித்திரம்'. 1844-லிருந்து 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தன் புத்தகத்துக்கு வைத்த பெயர், 'இயற்கையின் பென்சில்'. பென்சிலிடம் தோற்றுப்போன ஆள், கடைசிவரை பென்சிலை விடவில்லை பாருங்கள்!

* * *

போட்டோ வந்ததும் யாருக்கு அடி? கைக்கடக்கமாக முகங்களை வரைந்து கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஓவியர்களுக்கு. பலர் தூரிகையை வைத்துவிட்டுத் தாங்களே காமிரா பிடித்தார்கள். சிலர் போட்டோக்களுக்கு வண்ணம் பூசும் வேலைக்குப் போனார்கள்.

ஆனால் வாடிக்கையாளர்கள் சும்மா இருப்பார்களா? 'என்னய்யா இது, முகத்தில் இவ்வளவு சுருக்கம் காட்டுகிறது உன் பெட்டி?' என்று கோபித்துக்கொண்டார்கள். ஓவியர் என்றால் அம்மை வடுவைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். காமிராவுக்கு அந்த நாசூக்கு கிடையாது.

இங்கேதான் பென்சில் மறுபடி உள்ளே வருகிறது. 1855-ல் பாரிஸில் நடந்த மாபெரும் கண்காட்சியில், மியூனிக் நகரத்து ஹான்ஃப்ஷ்டேங்கல் என்பவர் ஒரே முகத்தின் இரண்டு படங்களை வைத்ததாகப் பிரெஞ்சு போட்டோகிராஃபர் நதார் தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஒன்று எடுத்தது எடுத்தபடி. இன்னொன்று, நெகடிவில் கைவேலை செய்த பிறகு. கூட்டம் மொய்த்திருக்கிறது.

அந்தக் கைவேலை என்ன? முகத்துச் சுருக்கம் நிழல் அல்லவா, அது நெகடிவில் வெளிச்சக் கோடாகத் தெரியும். நன்றாகக் கூர் சீவிய பென்சிலால் அந்தக் கோட்டைப் பொட்டுப் பொட்டாக நிரப்பிவிட்டால், பிரின்ட் போடும்போது அங்கே நிழல் விழாது. ஐம்பது வயது முகம் நாற்பதாகிவிடும்! நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் உள்ளே ஓர் இருட்டு மூலையில், சாய்வான கண்ணாடிப் பலகைக்குப் பின்னால் விளக்கை வைத்துக்கொண்டு இந்த 'டச்சப்' வேலை நடந்துகொண்டிருந்தது. வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் வழவழ கன்னத்துக்குப் பின்னால், பெயர் தெரியாத ஒரு டச்சப் கலைஞரின் பென்சில் இருக்கக்கூடும்.

அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பால்டிமோரைச் சேர்ந்த டேவிட் வுட்வர்ட் என்கிற ஓவியர், சூரிய ஒளியால் போட்டோவைப் பெரிதாக்கும் காமிராவுக்கு 1857-ல் பேடன்ட் வாங்கினார். சின்ன நெகடிவிலிருந்து ஆளுயரத்துக்குக்கூடப் படம் போடலாம். ஆனால் வெளுத்துப் போய்த்தான் வரும். அதனால் என்ன? அந்த வெளுத்த உருவத்தின் மேல் கரிக்கட்டியாலும் சாக்குக் குச்சியாலும் ஓவியர் ஒருவர் வரைந்து நிரப்பினார். அடியில் போட்டோ, மேலே சித்திரம். நீங்கள் இப்போது இரண்டு நிமிஷத்தில் செய்தீர்களே, அதன் தாத்தா இதுதான்! 'க்ரேயான் போர்ட்ரெய்ட்' என்று அந்த நூற்றாண்டின் கடைசியில் வீட்டுக்கு வீடு மாட்டினார்கள்.

பி.காம். படித்தவனுக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் வியாபாரம். ஏஜென்ட்டுகள் வீடு வீடாகப் போய், 'உங்கள் போட்டோவைக் கொடுங்கள், படம் இலவசம்' என்பார்கள். கொடுத்துவிட்டுக் காத்திருப்பீர்கள். படம் வரும், கூடவே சட்டமும் வரும். சட்டத்துக்குத்தான் காசு. அதுவும் யானை விலை! இறந்துபோன குழந்தையின் ஒரே போட்டோவை அவர்களிடம் கொடுத்துவிட்ட தாய், பேரம் பேசவா போகிறாள்?

ஆச்சா? ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கை வேண்டாம் என்றுதான் டால்பட் ஆரம்பித்தார். ஆனால் ஜனங்கள் போட்டோவை வாங்கிக்கொண்டு, அதன் மேல் மறுபடி கையைத் தேடினார்கள்.

* * *

இனி ஒரு பெரிய தாவல். 1987, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம். தாமஸ் நால் என்கிற ஆராய்ச்சி மாணவர் ஒரு மெக்கின்டோஷ் பிளஸ் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மல்லாடுகிறார். அதன் திரைக்குக் கறுப்பும் வெள்ளையும்தான் தெரியும். நடுவில் சாம்பல் கிடையாது. சாம்பல் நிறம்போல் தோன்றவைக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். அவருடைய தம்பி ஜான் நால், 'ஸ்டார் வார்ஸ்' படங்களுக்கு மாயவேலை செய்த நிறுவனத்தில் இருந்தார். 'அண்ணா, இதை இன்னும் வளர்க்கலாமே' என்று அவர் பிடித்துக்கொள்ள, அடோபி நிறுவனம் வாங்கி விற்க முன்வர, 1990 பிப்ரவரியில் அது ஃபோட்டோஷாப் என்கிற பெயரில் கடைக்கு வந்தது.

இந்தச் சகோதரர்களின் அப்பா ஒரு பேராசிரியர். போட்டோ பைத்தியம். வீட்டின் அடித்தளத்தில் சொந்தமாக ஒரு டார்க் ரூம் வைத்திருந்தார். பிள்ளைகள் படம் கழுவிப் பழகியது அங்கேதான். அதனால்தானோ என்னவோ, அந்த இருட்டறையின் பாஷை சாஃப்ட்வேருக்குள் அப்படியே குடியேறிவிட்டது. 'டாட்ஜ்' என்றால் பிரின்ட் போடும்போது ஓர் இடம் ரொம்பக் கறுத்துவிடாமல் இருக்க, கம்பி முனையில் ஒட்டிய சின்ன அட்டையால் ஒளியை மறைப்பது. ஃபோட்டோஷாப்பில் அந்தக் கருவிக்கான சின்னப் படத்தை உற்றுப் பாருங்கள். குச்சி மிட்டாய் மாதிரி இருக்கிறதே, அது அந்த அட்டையும் கம்பியும்தான்!

சரி, திரை ஏன் வெள்ளையானது? கோடு எங்கிருந்து வந்தது? ஒரு சின்ன வகுத்தல் கணக்கு, பயப்படாதீர்கள்.

கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100 மார்க் என்று வைத்துக்கொள்வோம். கன்னம் 80, புருவம் 20. மேலே இருக்கும் நெகடிவில் இது அப்படியே மாறும். கன்னம் 20, புருவம் 80. 'கலர் டாட்ஜ்' என்ன செய்கிறது? நூறிலிருந்து மேல் படத்தின் மார்க்கைக் கழித்து, வருகிற எண்ணால் கீழ்ப்படத்தை வகுக்கிறது. கன்னத்துக்கு 80-ஐ 80-ஆல். புருவத்துக்கு 20-ஐ 20-ஆல். எல்லாமே ஒன்று, ஒன்று என்றால் முழு வெள்ளை. தன்னைத் தானே வகுத்துக்கொண்டு முகம் காணாமல் போய்விட்டது!

இப்போது நெகடிவைக் கலங்கலாக்குகிறோம். ஒவ்வொரு புள்ளியும் அக்கம்பக்கத்தோடு கலந்து சராசரியாகிறது. பக்கத்துப் புள்ளிக்கு அதிக மதிப்பு, தூரத்துப் புள்ளிக்குக் குறைவு. அந்த மதிப்பை அளக்கும் மணி வடிவக் கோட்டில்தான் ஜெர்மன் கணித மேதை காஸின் பெயர் இருக்கிறது. (ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பரில் நம்மைப் படுத்தி எடுத்த அதே மணிதான். யூரோ வருவதற்கு முன்னால் ஜெர்மனியின் 10 மார்க் நோட்டில்கூட காஸும் அவருடைய மணியும் இருந்தார்கள்.) கன்னத்தின் நடுவில் சுற்றிலும் 80-தான். கலக்கினாலும் 80; அங்கே வெள்ளை மாறாது. ஆனால் புருவத்தின் ஓரத்தில் 20-ம் 80-ம் கலந்து 50 ஆகிறது. 20-ஐ 50-ஆல் வகுத்தால் 40 மார்க், நல்ல அழுத்தமான சாம்பல். அதுதான் உங்கள் பென்சில் கோடு! கலங்கல் குறைவாக இருந்தால் மெல்லிய கோடு. கூட்டக் கூட்ட மிருதுவான நிழல். ரொம்பக் கூட்டினால் பழையபடி போட்டோவே எட்டிப்பார்க்கும்.

இன்னொரு வேடிக்கையும் இதில் உண்டு. அடர்ந்த கறுப்பு முடியின் நடுப்பகுதியில் சுற்றிலும் ஒரே கறுப்பு. 20-ஐ 20-ஆல் வகுத்தால்? மறுபடி வெள்ளை! இந்தச் சித்திரங்களில் இளவயசுக்காரர்கள்கூட நரைத்துத் தெரிவது இதனால்தான்.

சும்மா சொல்லக்கூடாது, இந்தக் குறுக்கு வழி நம் மூளையோடும் ஒத்துப்போகிறது. 1950-களின் கடைசியில் ஹ்யூபெல், வீஸல் என்கிற இரண்டு பேர் பூனையின் மூளையில் ஒற்றை நரம்புச் செல்லை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் கண்ணெதிரே கண்ணாடி ஸ்லைடில் புள்ளிகளைக் காட்டினார்கள். செல் கண்டுகொள்ளவே இல்லை. ஸ்லைடை மாற்றும்போது அதன் ஓரம் மெல்லிய நிழல் கோடாகத் திரையில் நகர்ந்தது. அவ்வளவுதான், செல் படபடவென்று வெடிக்க ஆரம்பித்துவிட்டது! 1981-ல் இருவருக்கும் நோபல் பரிசு. பார்வைக்கு ஓரங்கள்தான் உயிர். அதனால்தான் நாலே கோட்டில் பாட்டியை நாம் கண்டுபிடித்துவிடுகிறோம்.

* * *

அப்படியானால் ஓவியருக்கு இனி என்ன வேலை?

பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ரைக் கேளுங்கள். 1815-ல் நெப்போலியன் வீழ்ந்ததும், ரோமில் இருந்த அவருக்குப் பெரிய இடத்து ஆர்டர்கள் நின்றுபோயின. வயிற்றுப்பாட்டுக்குச் சுற்றுலா வந்தவர்களைப் பென்சிலால் வரைந்து கொடுத்தார். உலகத்தின் மிகச்சிறந்த பென்சில் முகங்களில் அவையும் உண்டு. ஆங்க்ரும் டால்பட் வைத்திருந்த அதே காமிரா லூசிடாவைத்தான் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று 2001-ல் டேவிட் ஹாக்னி என்கிற பிரிட்டிஷ் ஓவியர் ஒரு புத்தகமே போட்டுச் சண்டையைக் கிளப்பினார். சண்டை இருக்கட்டும். அந்தப் படங்களைப் பாருங்கள். முகத்தில் அவ்வளவு நுணுக்கம். கோட்டும் கவுனுமோ, நாலு கோட்டில் அவசரமாக முடிந்துவிடும். எங்கே உட்கார வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்று அந்த மனுஷன் முடிவு செய்திருக்கிறார்.

நம் சாஃப்ட்வேருக்கு அந்த முடிவு எடுக்கத் தெரியாது. கண்ணும் அதற்கு ஓரம், சட்டைப் பித்தானும் அதற்கு ஓரம். இரண்டையும் ஒரே சிரத்தையோடு வரைந்து தள்ளும். 'கையால் வரைந்தது சார்' என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால், பித்தானைப் பாருங்கள். கண்ணுக்குச் சமமாகப் பித்தானும் ஜொலித்தால், கொஞ்சம் யோசித்துப் பணம் கொடுங்கள்!

இதில் பணத்துக்கும் பெரிய பங்கு உண்டு. 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகை, 1979-லிருந்து முகங்களைப் போட்டோவாகப் போடாமல், புள்ளியும் கோடுமாகக் கையால் வரைந்து போட்டது. கெவின் ஸ்ப்ரவுல்ஸ் என்ற ஓவியர் ஆரம்பித்துவைத்த பாணி. போட்டோவைப் பார்த்து ஒரு முகத்தை வரைய மூன்று முதல் ஐந்து மணி நேரம். 1985-ல் வந்த அ-ஹா குழுவின் 'டேக் ஆன் மீ' பாட்டு ஞாபகம் இருக்கிறதா? பென்சில் சித்திரத்திலிருந்து ஒரு கை நீண்டு பெண்ணை உள்ளே இழுக்குமே, அதற்காக நிஜ ஃபிலிமைப் பார்த்துப் பார்த்துச் சுமார் 3000 படங்கள் வரைந்தார்கள். பதினாறு வாரம்! அதே ஜர்னல் 2019-ல் தன் பாணியிலேயே வாசகர் முகத்தை வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டுவந்தது. 2016-ல் 'ப்ரிஸ்மா', 2025 மார்ச்சில் ஊரே ஜப்பானியக் கார்ட்டூன் முகமாக மாறிய கூத்து என்று அது எங்கெங்கோ போய்விட்டது. ஐந்து மணி நேரம் ஐந்து விநாடியானது. பொருள் பெருத்தால் விலை இறங்கும் என்பது பொருளாதாரத்தின் பாலபாடம். பென்சில் முகத்துக்கு இருந்த விலை கோட்டுக்கு இல்லை. ஒருவர் இன்னொருவரை ஐந்து மணி நேரம் விடாமல் பார்த்தார் என்பதற்கு!

அதற்காக இந்த வித்தையை மட்டம் தட்ட வேண்டியதில்லை. ரேஷன் கார்டில் ஒட்டியிருந்த, மங்கிப்போன ஒரே ஒரு போட்டோதான் அம்மாவின் நினைவு என்று வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். பெரிதாக்கினால் வெறும் புள்ளிகள். சித்திரமாக்கினால் அந்தக் குறை மறைந்து முகம் நிற்கும். ஒரு முக்கியமான வித்தியாசமும் உண்டு. அன்றைய டச்சப் பென்சில் சுருக்கங்களை அழித்தது. இன்றைய சாஃப்ட்வேர் பென்சிலுக்குச் சுருக்கமும் ஓர் ஓரம்தான். தேடிப் பிடித்து வரைந்துவிடும். அம்மாவின் நெற்றியில் இருக்கும் மூன்று கோடுகளை 'அசிங்கமாக இருக்கிறதே' என்று அழிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அவற்றில் ஒன்றிரண்டு, நீங்கள் போட்டதாகக்கூட இருக்கலாம்.

ஒரிஜினலை மட்டும் தொடாதீர்கள். போட்டோவின் பின்னால் பெயரும் வருஷமும் எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு உபயோகப்படும்.

அப்புறம் ஒரு பத்து நிமிஷம், நிஜமான பென்சிலை எடுத்து, அதே முகத்தை ஒரு வெள்ளைத் தாளில் வரைந்து பாருங்கள். கேவலமாகத்தான் வரும், பரவாயில்லை. ஆனால் இத்தனை வருஷம் பார்த்த முகத்தில் இடது புருவம் கொஞ்சம் உயரமாக இருப்பது அப்போதுதான் உங்களுக்குத் தெரியவரும்.

1833 அக்டோபர் 5-ம் தேதி கோமோ ஏரிக்கரையில் டால்பட் தப்பும் தவறுமாகக் கிறுக்கிய பக்கம் ஒன்றைத் தூக்கிப் போடவில்லை. பத்திரமாகப் பாதுகாத்திருக்கிறார்கள்.